வரிசை எண் 612

வாக்காளர் பட்டியல் சரிபார்க்க
பள்ளிக்கூடம் விட்டு நாலரை மணிக்கு ஏறினேன்.
பெரம்பூர், மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை.
என் தாளில் அவர் மெர்லின் ஷிஃப்டன்.
கேஸ் புத்தகத்தில் சிப்பிடன்.
ரேஷன் கார்டில் செப்டன், ஏதோ பூச்சிமருந்து மாதிரி.
கதவில், பித்தளையில், ஷிப்டன்.
"எதை எழுதட்டும் மேடம்?"
"கதவை நம்புங்க."

துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்குப் பார்க்கிறார்.
ஆபீஸில் பேர், கப்பல் அக்கா.
பேரிலேயே ஷிப் இருக்கே, பரம்பரைத் தொழிலா என்று
புதிதாய்ச் சேரும் பையன்கள் கேட்பார்களாம்.
"கப்பலே இல்லைங்க. ஆடு."

ஆடு?

பழைய இங்கிலீஷில் செம்மறிக்கு இருந்த சொல்
வாய்க்கு வாய் தேய்ந்து ஷிப் ஆயிற்று.
பின்னால் ஒட்டியிருக்கும் டன்
எடை போடுகிற டன் இல்லை, அடைப்பு.
முதலில் வேலி,
வேலிக்குள் கொட்டகை,
கொட்டகைக்குப் பக்கத்தில் நாலு வீடு,
அப்புறம் அதற்குப் பேர் ஊர்.

பேனாவை மூடினேன்.
பட்டி!
ஆட்டை அடைக்கிற இடமும் பட்டிதான் நமக்கு,
ஆள் குடியிருக்கிற ஊரும் பட்டிதான்.
செம்மறிப்பட்டி மெர்லின்.
இருபத்தொன்பது சி-யில் பக்கத்து சீட்டில்
டிக்கெட்டைக் கைமாற்றி விடக்கூடிய பெயர்.

அந்தப் பேரில் ஊர் ஒன்றல்லவாம், ஏழெட்டு.
அதில் ஒன்றில் ஆட்டுக்கே வேலையில்லை,
காட்டுரோஜாவின் காயிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள்.
இவர்களுடையது எது?
பட்டாளத்தோடு வந்திறங்கிய முதல் ஷிப்டனுக்கே
தெரிந்திருக்காது.
அவன் பாட்டனுக்குப் பாட்டன் பேரையும்
என்னைப்போல் ஒரு கணக்கன்
வாசலில் நின்று, காதில் விழுந்தபடி எழுதியிருப்பான்.

"ஒண்ணு யோசிங்க" என்றார், தண்ணீர் கொடுத்து.
"ஷிப்டன்ல இருக்கிற வரைக்கும் எவனும் ஷிப்டன் இல்ல.
வெறும் ஜான். குட்டை ஜான். கோள்மூட்டி ஜான்.
பக்கத்து ஊருக்குப் பிழைக்கப் போனதும்தான்
ஷிப்டன்காரன்."

சரிதான்.
எங்கள் ஸ்டாஃப் ரூமில் மாயவரம் உண்டு,
அருப்புக்கோட்டை உண்டு, ரெண்டு பொள்ளாச்சி உண்டு.
சென்னை என்று ஒருத்தரைக்கூடக் கூப்பிட்டதில்லை.
என் கையெழுத்தின் முதல் ம, மணலூர்.
எத்தனையோ மணலூர், அதில் எங்களுடையது எது என்று
நானும் இதுவரை கேட்டதில்லை.

போனில் ஒரு வரைபடம் காட்டினார்,
கசின் ஒருத்தி அனுப்பியது.
பேர் வாழும் இடமெல்லாம் சிவப்பு.
இங்கிலாந்து, தக்காளித் தொக்கு.
ஆஸ்திரேலியாவுக்கு ஓரம் மட்டும் கரை கட்டியது போல்.
கனடாவில் மிளகாய்ப்பொடித் தூவல்.
இந்தியா வெள்ளை.
"ரொம்பக் கொஞ்சம் பேர்னா கலர் வராதாம்."
இரண்டு விரலால் விரித்தார், விரித்தார்,
ரயில் தண்டவாளம் தெரிகிற வரைக்கும் விரித்து
ஒன்றுமில்லாத ஓரிடத்தில் நகத்தை வைத்தார்.
"நான் இங்க."
கீழ்ப்பாக்கம் கல்லறையில் பதினோரு பேர்.
இங்கே இவர்.

613, ரஸ்ஸல் ஷிஃப்டன். தம்பி.
"இருக்காரா?"
"பெர்த். ஆறு வருஷமாச்சு."
நீக்கக் காரணங்கள்: இறப்பு, இரட்டைப் பதிவு, இடம்பெயர்வு.
மூன்றாவதில் டிக் போட்டேன்.
"அங்கயாவது பேரை ஒழுங்கா எழுதறாங்களா?"
"எழுதறாங்க. கூப்பிடறதுதான் இல்ல.
அவன் கிரிக்கெட் கிளப்ல ஏற்கெனவே ரெண்டு ஷிப்டன்.
இவனுக்குப் பேர் மெட்ராஸ்."

சிரித்தார். நானும்.
குக்கர் இரண்டு விசில் அடித்தது, எழுந்து போனார்.

612-க்குத் திரும்பி
ஷிஃப்டனில் இருந்த ஆய்த எழுத்தை
புள்ளி புள்ளியாக, மூன்றையும் அடித்தேன்.
திருத்தம் ஏற மூன்று மாதம் ஆகும் என்று
சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன்.