நூறில் மீதி

பெருங்குடிச் சமையற்கூடத்திலிருந்து
ஐஸ் பெட்டியில் வந்திறங்கியது காய்கறி லசானியா.
மாதிரி எண் நானூற்றுப் பன்னிரண்டு.
எடை முந்நூற்று அறுபது கிராம்.
நான்கு மூலையிலும் சீஸ் கருகி, மொறுமொறுவென்று.
அதற்கென்று கட்டம் எதுவும்
எங்கள் படிவத்தில் இல்லை.

கிண்டித் தொழிற்பேட்டை, மூன்றாம் மாடி,
லிஃப்ட் ஓடாத நாட்களே அதிகம்.
முதல் வேலை அரைப்பது.
யாரோ பொறுமையாக அடுக்கியிருந்தார்கள்,
மாவுத் தகடு, கத்திரிக்காய், பாலக்கீரை,
மறுபடி தகடு, தக்காளி, வெள்ளை சாஸ்.
மிக்ஸியில் நாற்பது நொடி.
அடுக்கு நாக்குக்குத்தான்,
தராசுக்குக் கூழ் போதும்.

நூற்றைந்து டிகிரியில் தண்ணீர் போனது,
எழுபது புள்ளி நான்கு.
நூறு ரூபாய் கொடுத்தால் எழுபது ரூபாய்க்குத் தண்ணீர்.
"மெட்ராஸ்ல அது நியாயமான விலைதான்" என்றாள் ஜெசிந்தா.
அன்று அவள் தெருவுக்கு லாரி வரவில்லை.

ஈதரில் இறங்கிய கொழுப்பு ஆறு புள்ளி ஒன்று.
அமிலத்தில் வேகவைத்து, நைட்ரஜனைப் பிடித்து,
ஆறேகாலால் பெருக்கினால் புரதம்.
ஐந்து புள்ளி ஆறு.
ஏன் ஆறேகால் என்று
கல்லூரியில் எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு உலை. ஐந்நூற்றைம்பது டிகிரி.
கீரையும் காயும் சமைத்தவர் கைப்பக்குவமும் போய்
கிண்ணத்தின் அடியில் வெளுத்த சாம்பல்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தேன்,
ஒன்று புள்ளி ஏழு.

மாவுச்சத்தை மட்டும் நாங்கள் அளப்பதில்லை.
நூறிலிருந்து மற்றதையெல்லாம் கழித்து
மிஞ்சியதை அதன் பெயரில் எழுதுவோம்.
பதினாறு புள்ளி இரண்டு.
என் கை நடுக்கம், ஜெசிந்தாவின் அவசரம்,
தராசின் மேல் வீசிய காற்று
எல்லாம் அந்தப் பதினாறுக்குள்தான் இருக்கிறது,
மாவோடு மாவாக.

மதியம் படியில் உட்கார்ந்து
வத்தக்குழம்பு சாதம் சாப்பிட்டோம்.
அப்பளத்தை அவள் பாதியாக உடைத்தாள்.
பெரிய பாதி எனக்கு வந்தது.

மூன்று மணிக்கு ஹரிணேஷ் கூப்பிட்டார்,
கம்பெனியின் தர அதிகாரி, மரியாதையான குரல்.
"மேடம், பெட்டிக்கு சோடியம்
ஆயிரத்து நானூற்று எழுபத்தாறுன்னு போட்டா
பாக்க நல்லா இல்லையே. கொஞ்சம் குறையுமா?"
"வாணலியில் குறைத்தால் குறையும்."
சிரித்தார்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
பரிசோதனைக் கட்டணம் கட்டுகிறவரும்
ஒரு வகையில் உப்பிட்டவர்தான்.
நினைத்தேன். எண்ணை மாற்றவில்லை.

ஐந்து மணிக்கு ஒரு வரி மின்னஞ்சல்:
'ஒரு பரிமாறல் நூற்று இருபது கிராம்.
பெட்டிக்கு மூன்று பரிமாறல்.'
கத்தி எடுக்காமலே வெட்டிவிட்டார்.
சோடியம் நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு,
கலோரி நூற்று எழுபது.
ஒரு தப்பும் இல்லை.
கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்து
கையெழுத்திட்டேன்.

மீதி மாதிரியை உறைபெட்டியில் வைத்தோம்,
முப்பது நாள் காவலுக்கு.
ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது.
நானூற்றுப் பன்னிரண்டு ருசித்ததா என்று
யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இது நடந்தது ஆவணியில்.
ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி,
கிண்டி ரயில் நிலையத்து நடைமேடை.
பக்கத்து பெஞ்சில் ஒரு பையன்,
கழுத்தில் அடையாள அட்டை, நனைந்த ஷூ,
மடியில் அதே பெட்டி.
பிளாஸ்டிக் கரண்டி வளைய வளையத் தோண்டினான்.
அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கவில்லை,
பெட்டியின் முதுகைத் திருப்பவில்லை.
மூலையில் கருகியதைக் கடைசிக்கு வைத்திருந்து
கரண்டியைப் போட்டுவிட்டு
நகத்தால் சுரண்டித் தின்றான்,
கண்ணை மூடிக்கொண்டு.

முந்நூற்று அறுபது கிராம்.
நான் கையெழுத்திட்ட கணக்குப்படி
அந்த பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

தாம்பரம் வண்டி வந்தது.
எழுந்தது ஒருவன்தான்.