செல்லும் வரை

வின்டர்தூர் நாணய அறையில் வெப்பம் பதினெட்டு,
ஈரப்பதம் ஐம்பது.
காலையில் இந்த இரண்டு எண்ணையும் எழுதிவைப்பேன்.
அதற்குத்தான் சம்பளம்.

இன்று ஏலத்தில் எடுத்த தாளொன்று வந்தது.
"கையுறை, ஃப்ராவ் கோகி" என்றார் ஹூர்லிமான்.
கோகிலவர்த்தனி அவர் வாயில் அவ்வளவுதான் நுழையும்.

முசுக்கட்டைப் பட்டையை அடித்துச் செய்தது.
சாம்பல் நிறம். கொப்பி ஒற்றையளவு.
நடுவே காசுக் கோவைகள் வரைந்திருந்தன,
எழுத்தறியாதவனும் எண்ணிப் பார்க்கட்டுமென்று.
கள்ளத்தாள் அடித்தால் தலை போகும்,
காட்டிக்கொடுத்தால் வெள்ளி.
இதையும் தாளிலேயே அடித்திருந்தார்கள்.

முதலில் பெட்டகத்தில் வெள்ளி இருந்ததாம்.
பிறகு வெள்ளி தலைநகருக்குப் போனது,
தாள் ஊரிலேயே தங்கியது.
கிழிந்தால் மாற்றித் தந்தார்கள், நூற்றுக்கு மூன்று கழித்து.
மொங்கோலியருக்குப் போர்கள் இருந்தன,
அச்சுப் பலகைகளும் இருந்தன.
புதியது ஒன்றுக்குப் பழையது ஐந்து என்றார்கள் ஒருநாள்.
கடைசியில் வண்டி நிறையத் தாளோடு வந்தவனிடம்
அரிசிக்காரன் வண்டியை மட்டும் விலை கேட்டிருப்பான்.

இப்போது அதன் விலை என் ஐந்து மாதச் சம்பளம்.

செல்லும், செல்லாது.
தமிழில் காசுக்கும் ஆளுக்கும் ஒரே வினைச்சொல்.
ஹூர்லிமானுக்கு விளக்கப் பார்த்தேன்.
அவருடைய மொழியில் காசுக்குக் கால் இல்லை.
என் அனுமதி அட்டையிலும் ஒரு திகதி உண்டு,
அதுவரை நான் செல்வேன்.

வீட்டு லாச்சியில், காப்புறுதிக் கடிதங்களுக்கு அடியில்,
ஒரு வைப்புப் புத்தகம். கிளிநொச்சிக் கிளை.
கடைசி வரவு பெப்ரவரி இரண்டாயிரத்து எட்டு,
நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.
வட்டியை ஊதா மையில் எழுதியிருக்கிறாள் ஒருத்தி,
ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிறவள்.
கிளை இல்லை. முகாமையாளர் இல்லை.
ஊதா மைக்காரி எங்கே என்று யாரும் சொல்லவில்லை.
அந்தச் சாம்பல் தாள் செத்துப்போக நூறு வருடம் எடுத்தது.
இதற்கு ஒரு மாரியும் கொஞ்ச வெயிலும்.

உங்கள் பேழையில் இதற்கு இடமுண்டா
என்று கேட்க வாயெடுத்தேன்.
"தாளின் நிலை?" என்றார், பேனையோடு.
"புழங்கியது" என்றேன். எழுதிக்கொண்டார்.

மாலையில் பழைய ஈரமானி ஒன்றை இரவல் கேட்டு வாங்கிவந்து
லாச்சிக்குள் வைத்தேன்.
வெப்பம் இருபத்திரண்டு. ஈரப்பதம் முப்பத்தொன்று.
ஹீட்டர் காய்ச்சும் வீடு, தாளுக்கு ஆகாது.

ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து
லாச்சியை மெல்லச் சாத்தினேன்.