மூன்றாவது உறுப்பு

முதல் தீர்வு கல்மடுக் குளத்துக்குள் விழுந்தது.
ஆள்கூறு ஆறு தசமதானம் வரை சுத்தம்.
கரையிலிருந்து நானூறு மீற்றர் உள்ளே,
நீர்க்காகம் குந்தியிருந்த பட்டமரத்துக்குக் கிட்ட
வெதுப்பகம் போடலாம் என்றது கணினி.

பேர்ணிலிருந்து வந்த அற்புதராசா சிரிக்கவில்லை.
"இதுக்கோ தங்கச்சி காசு தந்தனான்?"

பிழை என்னுடையதுதான்.
கோடுகளை நேராகக் கீறிவிட்டேன்.
புன்னைநீராவியிலிருந்து தொட்டியடிக்குக்
கொக்குப் போகும் தூரம் வேறு.

பிறகு றோட்டுகளைப் போட்டேன்.
கிராம அலுவலரின் பட்டியலிலிருந்து
குடும்பத்துக்கு ஒரு நிறை.
பூட்டிக்கிடந்த வீடுகளும் அந்தப் பட்டியலில் பாண் தின்றன.
ஈர்ப்பு விதிதான், புதிதாக ஒன்றுமில்லை:
கடையின் பருமன் மேலே, தூரத்தின் வர்க்கம் கீழே.
பெரியது இழுக்கும், கிட்ட இருப்பது இன்னும் இழுக்கும்.
திருவிழாவில் கச்சான் விற்கிறவளுக்கும் தெரிந்த சங்கதி.

புள்ளி சந்தியில் வந்து நின்றது,
பஸ் தரிப்பிடத்துக்கும் டயர்க்கடைக்கும் நடுவில்.
அற்புதராசா அன்றைக்கே முற்பணம் கட்டினார்.

சரிபார்க்க வேண்டும் என்று நான்தான் போய் நின்றேன்.
மூன்று நாள், காலை ஆறு தொடக்கம்,
கொப்பியில் நாலு கோடு, குறுக்கே ஒன்று.
திங்கள் நூற்றுப் பன்னிரண்டு பெண்கள்.
செவ்வாய் நூற்று நாலு.
புதன் ஒன்பது.

புதன்கிழமை
டயர்க்கடை நிழலில் ஆறு மோட்டார் சைக்கிள்.
அயர்ன் பண்ணிய சேட்டு, கழுத்தில் அடையாள அட்டை.
ஒருவன் தொலைபேசியில் தன்மையாகத்தான் கதைத்தான்:
"பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப்போட்டு
நீங்கள் எங்கையக்கா நிக்கிறியள்?"
அந்த ஒன்பது பேரில் ஏழு பேர்
கடன் கிடைக்கிற வயதைக் கடந்தவர்கள்.

மற்றவர்கள் வாய்க்கால் கட்டால் போய்க்கொண்டிருந்தார்கள்.
செருப்பைக் கையில் பிடித்து, சைக்கிளை உருட்டி,
ஒன்றரைக் கிலோமீற்றர் சுற்றி.
பின்னால் வந்த பிள்ளைகளின் சீருடை வெள்ளை மட்டும்
நாணலுக்கு மேலால் தெரிந்தது.

இரவு மூன்றாவது உறுப்பைச் சேர்த்தேன்.
எதிர்க்குறியோடு.
ஒருத்தி கட்டாத தவணை கூடக் கூட
சந்தி அவளிடமிருந்து தள்ளிப் போகும்.
நூறு மீற்றரில் இருக்கிற கடை
புதன்கிழமைகளில் பரந்தனுக்கும் அப்பால் இருக்கும்.
படித்த புத்தகங்களில் அதற்கு எழுத்து இல்லை.
க என்று வைத்தேன்.

புள்ளி நகர்ந்தது.
மூன்றாம் வாய்க்கால், மதகடி.
மின்கம்பம் இல்லை.
பெயர்ப்பலகை வைத்தால் மாடுதான் வாசிக்கும்.

"றோட்டில்லாத இடத்தில ஆர் கடை போடுறது?"
அறிக்கையை நாலாக மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

சந்தியில் இப்போது கண்ணாடி அலுமாரி, சிவப்பு விளக்கு,
ஆறு நாளும் நல்ல வியாபாரம்.
புதன்கிழமைகளில் மாலுபாணும் பிளேன்ரீயும்
டயர்க்கடை நிழலுக்குப் போகிறது.
மிஞ்சுகிற பாணை வியாழன் அரை விலைக்கு விற்கிறார்.
ஏன் மிஞ்சுகிறது என்று என்னைக் கேட்கவில்லை.

கூடப் படித்த நிரோசினி மட்டும் கொழும்பிலிருந்து கேட்டாள்:
க-வின் பெறுமதியை எப்படியடி எடுத்தாய்,
எத்தனை பேரை விசாரித்தாய்?

ஒரு ஆள் என்று எழுதினேன்.

அந்தப் புதன் எட்டே காலுக்கு
ஏழாவது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.
அவனை எனக்குத் தெரியும்.
லப்ரொப்புக்கு இன்னும் பதினொரு தவணை.
கொப்பியை மூடி,
செருப்பைக் கழற்றிக்கொண்டு
கட்டில் ஏறினேன்.
அங்கேதான் அவர்களைக் கண்டேன்.
எண்ணத் தொடங்கும்போது
என்னிலிருந்து தொடங்கினேன்.