சட்டத்துக்கு வெளியே

பாவாடை நாடாவின் தடம்
அரை மணியில் மறைந்துவிடும் என்றாள் பிலோமி.
மறையவில்லை.
முப்பத்திரண்டு வருடம் ஒரே இடத்தில் இறுக்கிய முடிச்சு
இடுப்பைச் சுற்றி
மழைக்குப் பிந்திய வண்டித்தடம் மாதிரி
கிடந்தது.

காவேரிப்பட்டணம். ஜூன்.
ஷட்டர் போட்ட ஸ்டுடியோவுக்குள்ளும்
மாங்கூழ் பேக்டரிக்குப் போகும் லோடின் வாசம்.
வேலை அட்டைக்குப் படம் எடுக்க
இதே ஸ்டூலில்தான் உட்கார வைத்தாள் அன்று,
தாடையைத் தூக்குங்க, கொஞ்சம், போதும்.
இன்று எதையும் தூக்கச் சொல்லவில்லை.
ஸ்டூல் சில்லென்றிருந்தது.

போன் வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.
அவள் அப்பாவின் பழைய கேமரா,
பன்னிரண்டு படம், கழுவுவதும் அவளே.
ஐந்நூறு ரூபாய் எனக்கு.
களைக்குப் போனால் முன்னூறு.

மாதிரிக்கென்று ஒரு ஜெராக்ஸ் காட்டினாள்.
தொண்ணூறு வருடத்துக்கு முன்னால்
எந்த தேசத்திலோ ஒருத்தி
இன்னொருத்தியை எடுத்தது.
நான் பாறை என்று நினைத்தேன்.
குவாரியில் பதினோரு வருடம் ஜல்லி சுமந்தவளுக்கு
வேறென்ன தோன்றும்?
அப்புறம்தான் முட்டி தெரிந்தது,
முதுகு, மடிந்த கை.

தலை எங்கே, என்றேன்.
சட்டத்துக்கு வெளியே, என்றாள்.
எந்தச் சட்டம்?
சிரித்தோம். வயிறு குலுங்கியதை
எடுத்துவிட்டாள் படுபாவி.
அது ஒன்று.

கீழே எடுத்தவள் பெயர் அச்சாகியிருந்தது.
உட்கார்ந்தவள் பெயர் இல்லை.
அவளுக்கும் நாடாத் தடம் இருந்திருக்குமா,
மறையட்டும் என்று காத்திருந்தார்களா,
குளிருக்குப் போர்த்திக்கொள்ள ஏதாவது தந்தார்களா.
பிலோமிக்குத் தெரியவில்லை.

பிறகு பேச்சில்லை.
வெடி வைக்கும் முன் மேஸ்திரி
கல்லைத் தடவிப் பார்ப்பான்,
ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று.
அப்படித்தான் விளக்கை நகர்த்தினாள்,
தொடாமல்.
தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் தைத்த தழும்பில்
வெளிச்சம் கொஞ்சம் நின்றது.
இருபத்திரண்டு வருடமாக
நானே சரியாகப் பார்க்காத இடம்.
மூச்சை விடாதே, என்றாள்.
வெளியே லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.

பதினொன்று முடிந்தது.
கடைசிக்கு முகத்தையும் சேர்த்துக்கொள், என்றேன்.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்தாள்.
எலத்தகிரி கோயிலில் ஞாயிறுதோறும் முக்காடிட்டு
முன்வரிசையில் முட்டிபோடுகிறவள்,
இப்போது எனக்குப் பதிலாக அவளுக்கு வியர்த்தது.
ஊர் சின்னது மாதம்மா.

படமும் சின்னதுதானே, என்றேன்,
தாடையைத் தூக்கிக்கொண்டு.