தண்ணிக் கழிவு

இரத்மலானையில் விடியுமுன்
இறக்கைக்கடியில் கண்ணாடிக் குவளை பிடித்து
பெற்றோலை வடித்துப் பார்த்தேன்.
நீலத்தின் அடியில்
ஒரே ஒரு தண்ணீர் முத்து. ஊற்றிவிட்டேன்.

ஏறுவதற்கு இவ்வளவு,
கொஸ்லந்தைக்கு மேலே ஒரு மணி நேரம் வட்டமிட இவ்வளவு,
திரும்ப இவ்வளவு,
எதற்குமில்லாமல் நாற்பத்தைந்து நிமிடம்.
அரைமணிக்கொரு தரம் டாங்கி மாற்ற வேண்டும்:
இடது, வலது, இடது.
தொடையில் கட்டிய பலகையில் பென்சில் கணக்கு.

மலைச்சரிவின் வெடிப்புகளைப் படம்பிடிக்க வந்த ரிஸ்மி
கமராவிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்:
"அந்த லயத்தை முகில் மறைத்துவிட்டது. இன்னொரு சுற்று."
கொடுத்தேன்.
எதற்குமில்லாத நாற்பத்தைந்திலிருந்து பன்னிரண்டு.
பிறகு அப்புத்தளைக் கணவாயில் எதிர்காற்று
தன் பங்கைக் கேட்டது.

புகையில்லை, சத்தமில்லை.
நின்றது, அவ்வளவுதான்.
காற்றாடி மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது,
வேலை போனதை வீட்டில் சொல்லாதவன் போல.

மேலிருந்து பார்ப்பவர்க்குத் தேயிலை பச்சைக் கம்பளம்.
கவ்வாத்து வெட்டிய தூரில் கால் கிழிந்து
ஏழு தையல் போட்டவள் நான்.
அங்கே இறங்க முடியாது.
பாதையெல்லாம் ஊசிவளைவு.
இருந்த ஒரே மைதானத்தில் வெள்ளைச் சட்டைகள்,
பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டம்.

மூக்கைத் தாழ்த்தி வேகத்தைப் பிடித்தேன்.
கை தானாக டாங்கித் திருகைத் தேடியது.
இடதிலேயே கிடந்தது.
மாற்ற வேண்டிய நேரம்
அந்த இன்னொரு சுற்றுக்குள் போய்விட்டிருந்தது.

வலது. பம்பு.
எண்ணத் தொடங்கினேன்.
ரிஸ்மி அல்லாஹ்வை ஒருதரம் அழைத்தார், மெதுவாக,
பக்கத்து அறையில் இருப்பவரை அழைப்பதுபோல்.
பத்தில் பிடித்தது.

இறங்கியபின் குச்சியை விட்டுப் பார்த்தேன்.
இடது காய்ந்திருந்தது.
வலதில் இரண்டு விரற்கடை.

மடுவத்தில் அம்மாவின் கொழுந்தை நிறுத்து
சுள்ளென்று வெயிலடிக்கும் நாளிலும்
தண்ணிக்கென்று இரண்டு கிலோ கழிப்பான் கணக்கப்பிள்ளை.
அவனை நான் மன்னிக்கவில்லை.
ஆனால் மானி எண்பது லீற்றர் என்றால்
எழுபது என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

அடுத்த கிழமை ரிஸ்மி ஒரு படம் அனுப்பினார்.
அந்த லயம். தகரத்தில் காயப்போட்ட சிவப்புத் துணி.
கூரைக்கு நாற்பது அடி மேலே
பிறை போல வெடித்திருந்தது மண்.
முதல் சுற்றுகள் எதிலும் அது விழவில்லை.