இருபத்து மூன்றாவது பாடத்திட்டம்

வகுப்பு எட்டு, பிரிவு ஆ. நாற்பது நிமிடம்.
பாடம் ஆங்கில இலக்கணம்.
முன்னறிவு என்ற கட்டத்தில்
மாணவர்கள் ஒருமை பன்மை அறிவார்கள் என்று
நீல மையில் எழுதினேன்.
பச்சை தலைமையாசிரியருக்கு,
சிவப்பு பெனடிக்டா மேடத்துக்கு,
பி.எட். படிக்கிறவளுக்கு நீலம்தான்.

சிக்கலில் பஸ் மாறி
வாலிநோக்கத்தில் இறங்கும்போது
அட்டையில் வெட்டிய நண்டு இரண்டு,
நிஜக் குடை ஒன்று,
ஒரு பாக்கெட் கல்லுப்பு
துணைக்கருவிகளாக என் பையில்.
உப்பளத்து ஊருக்கு
ராமநாதபுரம் கடையில் உப்பு வாங்கிப் போனவள்
அநேகமாக நான் ஒருத்திதான்.

கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தேன்.
இந்தப் பக்கம் எண்ணலாம்:
குடை, படகு, நண்டு.
அந்தப் பக்கம் எண்ணக்கூடாது:
தண்ணீர், மணல், உப்பு, பணம்.

பணத்தில்தான் முதல் சிரிப்பு கிளம்பியது.
கடைசி பெஞ்சு நைனா முகம்மது எழுந்து
"வாப்பா துபாய்லேருந்து அனுப்புனா
உம்மா மூணு தடவ எண்ணுவாக, மிஸ்."

ரூபாயை எண்ணலாம்,
பணத்தை எண்ண முடியாது என்றேன்.
எம்.ஏ. தேர்வில் இதையே எழுதி
மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
வாய்விட்டுச் சொல்லி
என் காதே கேட்டது அன்றைக்குத்தான்.

நாகஜோதி எழவில்லை.
உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"உப்ப எண்ணுவோம்."
இல்லைம்மா, பெட்டியைத்தான் எண்ணுகிறோம்,
எ பாஸ்கெட் ஆஃப் சால்ட்,
டூ பாஸ்கெட்ஸ் ஆஃப் சால்ட்.
எங்கே, எல்லோரும் சேர்ந்து.
எல்லோரும் சேர்ந்தார்கள்.
அவள் வாய் அசையவில்லை.

"நேத்து எங்கம்மா சுமந்தது
நூத்திப் பதினெட்டுப் பெட்டி.
மேஸ்திரி நோட்டுல நூத்திப் பத்து.
அந்த எட்ட
எந்தப் பக்கம் எழுதணும் மிஸ்?"

காற்று ஜன்னல் கதவை ஒருமுறை அடித்துவிட்டுப் போனது.
நுண்நிலைக் கற்பித்தலில்
ஒவ்வொரு திறனுக்கும் ஆறு நிமிடம் பழகியிருந்தோம்,
வினா கேட்கும் திறன்,
வலுவூட்டும் திறன்,
பாடத்தை முடிக்கும் திறன்.
பின்வரிசையில் பெனடிக்டா மேடம்
பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.
சாக்பீஸ் விரலில் ஈரமானது.

நல்ல கேள்வி,
அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றேன்.
இதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மதியம் உப்பு பாக்கெட்டைக் காணவில்லை.
வேப்பமரத்தடியில் பிள்ளைகள்
மாங்காயோடு பாதி முடித்திருந்தார்கள்.
பாக்கெட்டின் முதுகில்
பொடிப்பொடி ஆங்கில எழுத்துகளை
நைனா கூட்டிக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தான்.
கடைசி வரியில் ஊர்ப்பெயர் வந்ததும்
நாலைந்து குரல்கள் ஒன்றாய்க் கத்தின:
வாலிநோக்கம்!
இந்த முப்பது நாளில்
இவ்வளவு சரளமாக
இவர்கள் ஆங்கிலம் வாசித்து நான் கேட்டதில்லை.
வாங்கிய இடத்தை மட்டும் சொல்லவில்லை நான்.
விலையையும்.

மேடத்தின் குறிப்பு சிவப்பில்:
துணைக்கருவி பொருத்தம்.
கரும்பலகை வேலை நன்று.
மாணவர் வினாக்களைக் கையாளும் திறன் வளர வேண்டும்.
ஐம்பதுக்கு முப்பத்தெட்டு.
எனக்குக் குறைந்தது பன்னிரண்டு,
நோட்டிலேயே இருக்கிறது,
கேட்டால் காரணம் சொல்வார்கள்.

இரவு விடுதியில்
தோழிகள் ரெக்கார்டுக்குப் படம் ஒட்டுகிறார்கள்.
பசை வாசம்.
நாளை இருபத்து நான்காவது பாடம்,
செயப்பாட்டுவினை.
உதாரணத்துக்கு ஒரு வாக்கியம் யோசித்தால்
வேறெதுவும் வரமாட்டேன் என்கிறது:
நூற்றுப் பத்து என்று எழுதப்பட்டது.

எழுதியவர் யாரென்று
சொல்லாமல் விட்டாலும் வாக்கியம் பிழையில்லை.
விதி இரண்டு, பக்கம் அறுபத்தொன்று.

நாகஜோதி முன்பெஞ்சுதான்.
முன்னறிவுக் கட்டத்தை மட்டும்
இன்னும் நிரப்பவில்லை.
நீலப் பேனா
மூடியில்லாமல் கிடக்கிறது.