இரண்டு கொப்பிகள்

பகலில் எனக்கு மீட்டர் வாசிக்கிற வேலை.
ஹப்புத்தளைக்குக் கீழே பதினொரு தோட்டம்.
லயம் லயமாய் ஏறி இறங்கி
கறுப்புப் பெட்டிகளின் கண்ணாடி துடைத்து
இலக்கங்களை நீலக் கொப்பியில் எழுதுவேன்.

இரவில் என் மீட்டர் ஓடும்.
கோவாப் பாத்திக்கும் மரத்தக்காளிக்கும் நடுவில்
ஒரு பெயின்ட் வாளி, அதன் வாயில் புனல்,
புனலுக்கு மேல் ஊதாவாய் எரியும் குழல்விளக்கு.
உள்ளே முட்டைத் தட்டுகள், பள்ளம் பள்ளமாய்,
வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள.

“உங்க வீட்டு யூனிட் மட்டும் ஏன் கூடுது?”
அலுவலகத்தில் பியதிலக்க கேட்டார்.
விருந்தாளிகள், என்றேன்.

விளக்கின்மேல் காதல்கொண்டு விழுந்து சாகிறதாம் விட்டில்.
சொன்னவன் எவனும்
பனியில் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததில்லை.
காதலெல்லாம் இல்லை.
எது வெளிச்சமோ அதுதான் மேல் என்று
அதற்கு முதுகைக் கொடுத்தே பறந்த பழக்கம்.
என்னுடைய இரண்டடி வானத்தைச் சுற்றிச் சுற்றி
மேல் கீழ் குழம்பி, களைத்து,
புனலில் சறுக்குகிறது.
யாரும் எரிவதில்லை. விடிந்தால் போகலாம்.

பெயர்தான் சிக்கல்.
புத்தகத்தில் இருப்பது இலத்தீன், வாயில் நிற்காது.
அடுத்த வீட்டு சோமலதாவுக்கு எல்லாமே சலபயா.
நம்மிடம் விட்டில், அந்து,
அதற்கு மேல் தேடினால் அகராதியும் கைவிரிக்கிறது.
நானே வைத்தேன்.
சிறகில் மூக்குக்கண்ணாடி வரைந்திருப்பது கிளாக்கர்.
காய்ந்த கொழுந்தாய்க் கிடந்து
தொட்டதும் சிவப்புப் பாவாடை காட்டுவது திருவிழா.
பிறகு ஒடிந்த தீக்குச்சி, செல்லாத ஐந்து சதம்.
முதுகில் மண்டையோட்டோடு வந்து
பிடித்தால் கீச்சென்று திட்டுகிற பெரியதற்கு
எங்கள் மேலதிகாரியின் பெயர். இங்கே எழுதமாட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு
எனக்கு முன்னால் கொண்டைக்குருவி வாளி விளிம்பில்.
அதுவும் கணக்கெடுக்கத்தான் வருகிறது, முறை வேறு.
விரட்டிவிட்டுத் தட்டைத் திருப்புவேன்.
கிளாக்கர் நான்கு, திருவிழா ஒன்று.
சிவப்புக் கொப்பி. ஆறரை பஸ்.

கீழ்மலைக்கு மருந்தடித்த கிழமை
விளக்கை மூடுபனி மட்டும் சுற்றியது.
காலையில் வெறும் தட்டு.
திகதி, காற்று, ஈரம் எழுதி
எண்ணிக்கைக்கு நேரே எழுதினேன்: பூச்சியம்.
எழுதிய பிறகுதான் அந்தச் சொல்லைப் பார்த்தேன்.
பூச்சி இல்லை என்று சொல்லவும்
பூச்சியைத்தான் கூப்பிடவேண்டியிருக்கிறது.

அன்றைக்கு மூன்றாம் இலக்க லயம்.
எட்டுக் காம்பராவில் ஐந்துக்குப் பூட்டு.
கொழும்பு என்றார்கள், குவைத் என்றார்கள்,
ஒன்றுக்கு யாருக்கும் தெரியவில்லை.
போன மாத இலக்கமே இந்த மாதமும்.
நீலக் கொப்பியிலும் பூச்சியம், ஐந்து தடவை.

எழுதாமல் தாண்டிப் போகலாம்தான்.
ஆனால் போய்ப் பார்க்காததும்
போய்ப் பார்த்து ஒன்றும் இல்லாததும் ஒன்றல்ல.

மழை விட்ட பிறகு ஒருத்தி வந்தாள்.
அம்புபோல் பாய்கிற சாதி,
பழுப்பு உடம்பில் வெள்ளிக்கோடு.
குருவி பார்ப்பதற்குள் போய்விட்டாள்.
தட்டில், கோழி முட்டைக்கான பள்ளத்தில்,
கடுகிலும் சிறிதாய்ப் பச்சை முட்டைகள்.
எந்தப் பத்தியில் எழுதுவது?
வந்தது ஒன்று.
இருப்பது முப்பத்தேழு.

ஆறாம் நாள் நூல்நூலாய் எழுந்தன, பசியோடு.
அவை தின்பது சேம்பிலை.
சேம்பு இருப்பதோ சோமலதாவின் வேலிக்குள்.
“சலபயாவுக்கா?” என்று
அவள் சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.
நான்கு இலை அறுத்துத் தந்தாள், சாறு வடிய.
சும்மா இல்லை.
“அப்ப என்ட மீட்டர ஒருக்காப் பாருங்க மாத்தயா,
சரியான வேகமா ஓடுது.”

பார்த்தேன். ஒழுங்காகத்தான் ஓடுகிறது.
இன்னும் இரண்டு நாள் கவனிக்கவேண்டும் என்றேன்.
இலை எப்படியும்
பதினைந்து நாளைக்குத் தேவைப்படும்.